கால அட்டவணையில் இல்லாத வேலை

கூடுவாஞ்சேரியில் காலை ஆறரை மணி என்பது கல்லூரிப் பேருந்துகளின் நேரம். ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை ஜி.எஸ்.டி. சாலை ஓரங்களில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் மாணவர்களை ஏற்றிக்கொண்டு அவை விரைகின்றன. மாணவர்களின் மன அழுத்தம் குறித்து இன்று ஓரளவேனும் பேசுகிறோம், நீதிமன்றங்களும் பேசுகின்றன. அதே பேருந்துகளின் முன்னிருக்கைகளில் விடைத்தாள் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்து செல்லும் ஆசிரியர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர்களுள் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். பி.காம். வகுப்பில் என்னிடம் பொருளியல் பாடம் கேட்டவர். இப்போது புறநகரில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். பணி விலகல் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். அதைக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்கவே வந்திருந்தார்.

"பாடம் நடத்துறது எனக்குப் பாரமே இல்லை சார். வகுப்பு முடிஞ்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற வேலைதான் முடியலை" என்றார்.

அந்த வேலைக்குச் சில கல்லூரிகளில் டியூட்டர் என்று பெயர், சிலவற்றில் மென்டார், பொறியியல் கல்லூரிகளில் ஃபேக்கல்டி அட்வைசர். அவருடைய பொறுப்பில் 58 மாணவர்கள். காலை பத்து மணிக்குள் வராதவர்களின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் அலுவலகத்திலிருந்து வரும். அவர்களிடம் கேட்டு, கட்ட வைக்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுப் பதிவு, அரியர் கணக்கு, வருகைக் குறைவுக் கடிதம் ஆகிய அனைத்தும் அவர் கையொப்பம் பெற்றே நகரும். மாணவர்களுக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என இரண்டு வாட்ஸ்ஆப் குழுக்கள். இவற்றோடு, ஒவ்வொரு மாணவரையும் பருவத்துக்கு மூன்று முறை தனியே சந்தித்ததாக ஆலோசனைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இவற்றையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, "மேம், தூக்கமே வரலை. பேசலாமா?" என்று ஒரு மாணவியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அந்தச் சொற்களின் தொனியில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தவர், நள்ளிரவு கடந்து ஒரு மணிவரை அவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, பெற்றோரையும் எழுப்பிப் பேசியிருக்கிறார். மறுநாள் காலை முதல் பாடவேளையில் வகுப்பு. அதையும் எடுத்தார்.

"அந்தப் பொண்ணு இப்போ நல்லா இருக்கா சார். நான்தான் ராத்திரி போன் அடிச்சாலே பயப்படுறேன். நீங்க டியூட்டரா இருந்தப்போ இதையெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் சமாளிக்கவில்லை, அந்த வேலையைச் செய்யவே இல்லை.

1990-களின் நடுவில் நான் பணியாற்றிய அரசு உதவி பெறும் கல்லூரியிலும் டியூட்டர் முறை இருந்தது. என் பொறுப்பில் இருபத்தைந்து பேர். மாதம் ஒருமுறை ஓர் அறையில் கூடுவார்கள், ஏதேனும் குறை உண்டா என்று பொதுவாகக் கேட்பேன், ஒருவரும் பேசமாட்டார்கள், பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கலைவோம். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரயிலில் வந்துபோன மாணவர் ஒருவரின் வருகைப்பதிவு இரண்டாம் ஆண்டில் குறைந்துகொண்டே வந்தது. வருகைக் குறைவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கையொப்பமிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர் தேர்வு எழுதவில்லை. பிறகு கல்லூரிக்கும் வரவில்லை. தந்தை படுத்த படுக்கையானதால் அவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனதை அவருடைய நண்பர் சொல்லி ஓராண்டு கழித்து அறிந்தேன். அதற்காக எவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அந்தக் காலத்து ஆசிரியர்கள் மாணவர்களைப் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்ளவில்லையா? இந்தக் காலத்தவர் மட்டும் ஏன் களைத்துப்போகிறார்கள்?" என்று என் வயதொத்தவர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த மாணவர் என் நினைவுக்கு வருகிறார். அப்படிப் பார்த்துக்கொண்ட நல்லாசிரியர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால், எங்களுள் பலருடைய நிம்மதிக்குக் காரணம் எங்கள் மனவலிமை அன்று. இடர்ப்பட்ட மாணவர்கள் ஓசையின்றி வெளியேறினார்கள். நாங்கள் நிம்மதியாக இருந்தோம். வழிகாட்டுதல் இல்லாததற்கான விலையை அன்று மாணவர் கொடுத்தார். இன்று வழிகாட்டுதலுக்கான விலையை ஆசிரியர் கொடுக்கிறார். இரண்டு காலத்திலும் கல்லூரி எதையும் கொடுக்கவில்லை. பொருளியல் படித்தவன் என்ற முறையில் இந்தச் சிக்கலின் மையமாக நான் காண்பது இதைத்தான்.

நிலைமை மாறியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் பல நல்ல காரணங்கள். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பெற 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1,000 வழங்குகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் வகுப்பறைகளில் பெருகியிருக்கிறார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால், அரியர் என்றால் என்ன, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, ஆங்கிலத்தில் பாடம் புரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளில்லாத மாணவருக்கு, அந்த வீட்டு மூத்தவரின் இடத்தில் இருப்பவர் டியூட்டர்தான். சேர்க்கை விரிந்தபோது இந்த வேலையும் விரிந்தது. அதற்கான நேரம் மட்டும் விரியவில்லை.

விதிகளில் நேரம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் 16 மணி நேரம். இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்டக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்றும், ஒரு பொறுப்பாசிரியருக்குக் குறைந்தது 15 மாணவர்கள் என்றும் அதே ஒழுங்குமுறை குறிப்பிடுகிறது. ஒவ்வொரு மாணவரையும் படிப்புக் காலம் முழுவதும் வழிகாட்ட ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளும் கூறுகின்றன. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தைக் கேட்கிறது.

இப்போது ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவரை இரு வாரங்களுக்கு ஒருமுறை இருபது நிமிடம் தனியே சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து மாணவர் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். முப்பது பேர் என்றால் ஐந்து மணி நேரம். அறுபது பேர் என்றால் பத்து மணி நேரம். இந்தப் பத்து மணி நேரம் எந்தக் கல்லூரியின் கால அட்டவணையில் இருக்கிறது? விகிதத்தைக் கேட்கும் தரச்சான்று அமைப்பு நேரத்தைக் கேட்பதில்லை. ஆகவே, விகிதம் அறிக்கையில் இடம்பெறுகிறது. நேரம் ஆசிரியரின் இரவிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

அந்த விகிதமேனும் உண்மையானதா? தொழில்நுட்பக் கல்வியில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த அளவு, 2018-19-இல் 20 மாணவருக்கு ஒருவர் எனத் தளர்த்தப்பட்டது. 2024 ஜூலையில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாக அறப்போர் இயக்கம் குற்றஞ்சாட்டியது. ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் 189 பேரின் பெயர்களே திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்ததாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தரும் தெரிவித்தார். அதைக் கல்வித் தரத்தின் மீதான மோசடியாக மட்டுமே அன்று விவாதித்தோம். காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆசிரியருக்குக் காகிதத்தில் இருபது மாணவர்களை ஒதுக்கலாம். இரவு பதினொன்றரைக்கு அந்த மாணவர் அழைக்கும்போது தொலைபேசியை எடுக்கப்போவது உண்மையில் இருக்கும் பக்கத்து மேசை ஆசிரியர்தான். இந்தக் கோணம் விவாதத்தில் வரவேயில்லை.

அரசுக் கல்லூரிகளின் நிலை வேறு வகையானது. அங்கே ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் துறைகளைத் தாங்கி நிற்கிறார்கள். கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு பாடவேளைக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 என்று மானியக் குழு 2019-இல் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் மாத ஊதியம் ரூ.20,000-இலிருந்து ரூ.25,000 ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டு தமக்கே பணி உண்டா என்று உறுதியில்லாத ஒருவர், மாணவரிடம் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையூட்டிப் பேச வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டா?

இந்தக் களைப்புக்கு உலகில் ஐம்பதாண்டு ஆய்வு வரலாறு உண்டு. நியூயார்க்கில் இலவச மருத்துவ மையங்களில் பணியாற்றிய தன்னார்வலர்களைக் கவனித்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், பிறருக்கு உதவுகிறவர்கள் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை 1974-இல் விவரித்தார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அதை அளவிடும் முறையை உருவாக்கினார். மனம் வற்றிப்போதல், உதவி நாடி வருபவரிடமிருந்து மனத்தளவில் விலகிப்போதல், நாம் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் என மூன்று அடையாளங்களை அவர் முன்வைத்தார்.

மூன்றனுள் இரண்டாவதுதான் ஆபத்தானது என்று கருதுகிறேன். பாட்டி இறந்துவிட்டார், விடுப்பு வேண்டும் என்று மாணவர் வந்து நிற்கும்போது, "உனக்கு எத்தனை பாட்டி?" என்று ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன். அது கொடுமைக்காரரின் சிரிப்பு அன்று, களைத்தவரின் தற்காப்பு. ஆனால், ஒரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்ட மாணவர் அடுத்த முறை உண்மையான துயரத்தோடு அந்த அறைக்குள் வரமாட்டார்.

அதனால் நேரும் இழப்பு சிறியதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் 1,416 பேர். பள்ளி மாணவர்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. இந்த மரணங்களுக்குக் காரணங்கள் பல; எந்த ஒன்றையும் ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது. உயர்கல்வி மாணவர்களின் மனநலன் குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் 2025 மார்ச் மாதம் உச்சநீதிமன்றம் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-இல் மற்றொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். சிறு சிறு குழுக்களாக மாணவர்களுக்கு வழிகாட்டிகளை ஒதுக்க வேண்டும். ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், நடைமுறையில் இவை எப்படிக் கீழிறங்கும் என்பதைக் கல்லூரியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும்; பல்கலைக்கழகம் முதல்வருக்குச் சுற்றறிக்கை அனுப்பும்; முதல்வர் துறைத்தலைவரிடம் கொடுப்பார்; துறைத்தலைவர் டியூட்டரிடம் கொடுப்பார். டியூட்டருக்குக் கீழே கொடுப்பதற்கு எவரும் இல்லை. ஏற்கெனவே உள்ள பதிவேட்டில் இன்னும் இரண்டு பத்திகள் சேரும். மாணவரைக் காக்கப் பிறந்த ஆணை, மாணவரோடு பேச வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும்.

அழுத்தத்தைக் குறைக்கக் கல்லூரிகள் எதுவும் செய்வதில்லை என்று சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் யோகா, தியான வகுப்பு, மனநலச் சொற்பொழிவு ஆகியன நடக்கின்றன. யோகாவின் பயனை நான் மறுக்கவில்லை, நாள்தோறும் செய்கிறேன். ஆனால், அறுபது பேரைத் தாங்குகிறவருக்கு மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்துவிட்டு, அறுபதை அறுபதாகவே வைத்திருப்பது தீர்வாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தக் களைப்பை நோயாக வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. பணியிடத்தில் தோன்றுவதைப் பணியிடத்தில்தான் தீர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்வி ஆலோசகர் என்பது தனித் தொழில். அவர்களுக்கென 1979 முதல் தேசியச் சங்கமே இயங்குகிறது. அங்கும் ஓர் ஆலோசகருக்கு மாணவர் மிகுதி என்ற முறையீடு ஓயவில்லை. ஆயினும், முறையிடுவதற்கு அங்கே அந்த வேலைக்கு ஒரு பெயரும் ஊதியமும் இருக்கின்றன. இங்கே அது ஆசிரியரின் நல்லெண்ணத்தின் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. விலையில்லாத பொருளை அளவின்றிச் செலவழிப்பார்கள் என்பது பொருளியலின் பாலபாடம். ஆசிரியரின் அக்கறைக்கும் அதுவே நேர்கிறது. அதிலும், பெண் ஆசிரியர்களிடம் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பதால் அவர்கள் மீதே கூடுதலாக விழுகிறது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, ஒழுங்குமுறை கூறும் அந்த இரண்டு மணி நேரம் கால அட்டவணையில் பாடவேளையாக அச்சிடப்பட வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட மாணவர்களை ஏற்பவருக்கு அதற்கேற்பக் கற்பித்தல் நேரம் குறைக்கப்பட வேண்டும். நாக் அமைப்பு விகிதத்தோடு இந்த நேரத்தையும் கேட்டால், நாளையே எல்லாக் கல்லூரிகளிலும் அது நடைமுறைக்கு வந்துவிடும்.

இரண்டாவதாக, கட்டண வசூலையும் வருகைப்பதிவுத் தொலைபேசி அழைப்புகளையும் டியூட்டரிடமிருந்து எடுத்து அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இது நேரத்தைப் பற்றியது மட்டுமன்று. காலையில் "ஃபீஸ் எப்போ கட்டுவே?" என்று கேட்டவரிடம் மாலையில் எந்த மாணவர் வீட்டுத் துயரத்தைச் சொல்வார்? கடன்காரரும் காவலரும் ஆறுதல் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

மூன்றாவதாக, டியூட்டர் மருத்துவர் அல்லர். எந்த எல்லைவரை அவர் கேட்கலாம், எப்போது மனநல ஆலோசகரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு மாணவர் அழைக்க வேண்டிய எண் ஆசிரியரின் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய உதவி எண்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றை ஒவ்வொரு அடையாள அட்டையின் பின்புறமும் அச்சிடப் பெரும் செலவு ஆகாது. கல்லூரி ஆலோசகர் மாதம் ஒருமுறை டியூட்டர்களையும் அமர வைத்து, அவர்கள் கேட்டுச் சுமந்தவற்றை இறக்கி வைக்க இடம் தர வேண்டும்.

இவற்றால் கல்லூரிகளுக்குச் செலவு கூடும், அது கட்டணத்தில்தான் முடியும் என்று கூறுவார்கள். உண்மைதான், செலவு கூடும். ஆனால், அந்தச் செலவு இன்றும் இருக்கிறது. அது கல்லூரியின் கணக்குப் புத்தகத்தில் இல்லை. ஆசிரியரின் இரத்தக் கொதிப்பிலும், ஆண்டு நடுவே விலகும் ஆசிரியரின் காலியிடத்திலும், பாதியில் படிப்பை விட்ட மாணவரின் வாழ்விலும் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கில் வராததால் செலவு இல்லை என்று ஆகிவிடாது.

என் மாணவியிடம் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அதற்கு முன் வேறொரு கடிதத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். 58 மாணவர், வாரத்தில் இத்தனை மணி நேரம் என்ற கணக்கை எழுதி, ஒழுங்குமுறையில் உள்ள இரண்டு மணி நேரத்தை ஒதுக்குமாறு கேட்கும் கடிதம். அதே துறையில் உள்ள மற்ற டியூட்டர்களும் கையொப்பமிட்டால் அதற்கு வலிமை கூடும். அன்று மாலை என் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து அந்தக் கணக்கை எழுதினார். வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் வந்தது. எழுதி முடித்ததும், "இவ்வளவு செய்றேன்னு எனக்கே தெரியாது சார்" என்றார்.

ஆறு பேர் கையொப்பமிட்ட அந்தக் கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. பணி விலகல் கடிதம் இன்னமும் அவருடைய கைப்பையில்தான் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).